விமான நிலையம் முதல் விடுதி வாசல் வரை: விருதுநகர் மாவட்ட மாணவர்களின் பயணச் செலவு பற்றிய ஓர் ஆய்வு

வெளியூர் மாணவர் ஒருவர் மதுரையில் விமானம் விட்டு இறங்கி, கிருஷ்ணன்கோவிலிலோ சிவகாசியிலோ விருதுநகரிலோ உள்ள தம் கல்லூரிக்குக் குறைந்த செலவில் போய்ச் சேர்வது எப்படி? சிறிய கேள்விதான். ஆனால், மாணவரின் பயணச் செலவு யாருடைய பொறுப்பு என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. அரசு பேருந்தாலும் சலுகை அட்டையாலும் ஒரு விடை சொன்னது. கல்லூரிகள் மஞ்சள் நிறப் பேருந்துகளால் இன்னொரு விடை சொன்னன. வாடகை வண்டிக்காரர்களும் செயலி நிறுவனங்களும் தம் பங்குக்கு ஒன்று சொல்கிறார்கள். ரயில்வே நெடுங்காலமாக ஒரு விடையை வைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு. இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. கிடைக்கும் சான்றுகள் ஒரு முடிவை நோக்கிச் செல்கின்றன: இம்மாவட்டத்து மாணவருக்குச் செலவு வைப்பது நீண்ட தூரமன்று, ஒரு வண்டியை விட்டு இன்னொரு வண்டி ஏறும் இடங்களில் இருக்கும் இடைவெளியே.

நிலப்படம் சொல்வது

விருதுநகர் மாவட்டத்துக்குள் பயணிகள் விமான நிலையம் கிடையாது. 1985-இல் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த காலம் முதல் இன்றுவரை மதுரையே இதன் வான்வழி வாசல். மதுரை விமான நிலையம் நகரின் தென்புறம், அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடி அருகே அமைந்திருக்கிறது. இந்த அமைவிடம் விருதுநகர் மாவட்டத்துக்குப் பெரிதும் சாதகமானது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலை விமான நிலையத்தை ஒட்டியே செல்கிறது. உத்தங்குடியையும் கப்பலூரையும் இணைக்கும் ஏறத்தாழ 27 கி.மீ. சுற்றுச்சாலை, அந்த நெடுஞ்சாலையை மண்டேலா நகரில் சந்திக்கிறது. கப்பலூரை அடைந்துவிட்டால் நேர் தெற்கே விருதுநகர், சாத்தூர் செல்லும் நான்குவழிச் சாலை கிடைக்கிறது. பக்கத்திலுள்ள திருமங்கலத்திலிருந்து தே.கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று கொல்லம் நோக்கிச் செல்லும் சாலை பிரிகிறது. மாவட்டத்தின் கல்லூரிகளில் பெரும்பகுதி இந்த மூன்று சாலைகளின் ஓரத்திலோ அவற்றிலிருந்து சிறிது தொலைவிலோதான் இருக்கிறது.

மாணவர்கள் பொதுவாகப் பெறும் அறிவுரையோ இந்த நிலப்படத்துக்கு நேர் எதிரானது. 'மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் ஏறுங்கள்' என்பார்கள். தெற்கே போக வேண்டியவர் வடகிழக்கே நகரின் மறுமுனையிலுள்ள அந்தப் பேருந்து நிலையத்துக்குச் சென்று, அங்கே வண்டி ஏறி, தாம் புறப்பட்ட இடத்தின் அருகிலேயே மீண்டும் கடந்து தெற்கே போகிறார். மாட்டுத்தாவணியிலிருந்து தென்திசை செல்லும் வெளியூர்ப் பேருந்துகளில் பல, சுற்றுச்சாலையில் மண்டேலா நகர் வழியாகத்தான் கப்பலூரை அடைகின்றன. விமான நிலையத்துக்கும் அந்தச் சந்திப்புக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டருக்கு நம்பத்தகுந்த ஏற்பாடு இல்லாததால்தான் மாணவர் ஊரைச் சுற்றிக் கடக்கிறார். இல்லையென்றால் வாசலிலேயே வாடகைக் கார் பிடிக்கிறார்.

இதைக் கணக்காகப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தமிழக அரசுப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் ஓரளவு குறைக்கப்பட்டது. அதன்படி சாதாரண வெளியூர்ப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு. விரைவுப் பேருந்தில் 75 காசு. விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்குத் தோராயமாக 65 கி.மீ. என்று கொண்டால், சுங்கம் முதலான சேர்மானங்கள் நீங்கலாகச் சாதாரணப் பேருந்தில் 38 ரூபாய், விரைவுப் பேருந்தில் 49 ரூபாய் ஆகும். அதே தூரத்துக்கு வாடகைக் காரில் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெற்றாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே வாடகை கேட்பது வழக்கம் என்பதால் 130 கி.மீ.க்கு 1,820 ரூபாய் வரும். நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு 455 ரூபாய். பேருந்தைவிட ஒன்பது மடங்குக்கு மேல். விமான நிலையத்திலிருந்து நெடுஞ்சாலைச் சந்திப்பு வரை ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகை, அதன்பின் வரும் அறுபது கிலோமீட்டருக்கான பேருந்துக் கட்டணத்தைத் தாண்டிவிடுவதும் வியப்பல்ல. நீண்ட தூரத்துக்கு மலிவான விடை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவரை அதன் படிக்கட்டில் கொண்டுபோய் விடும் ஏற்பாடுதான் காணவில்லை.

அரசுப் பேருந்து என்ற விடை

மதுரை வட்டாரத்தில் பேருந்துப் போக்குவரத்துக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தொடங்கிய பேருந்துச் சேவை தென்மாவட்டங்களில் ஒழுங்கான நேரத்துக்கும் பராமரிப்புக்கும் பெயர் பெற்றது. 1970-களின் தொடக்கத்தில் பேருந்துகள் அரசுடைமையானபோது பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பின்னர் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தனிக் கழகமும் ஏற்பட்டது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டி 1997-இல் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அந்த ஆண்டே அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை நீக்கியது. இன்று மாவட்டத்தின் அரசுப் பேருந்துகள் மதுரைக் கோட்டத்தின் கீழ் ஓடுகின்றன. இங்கே பேருந்து வெறும் வண்டியாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் ஏறலாம், யாருடைய பெயரைத் தாங்கலாம் என்பதெல்லாம் பொதுவாழ்வின் கேள்விகளாகவே இருந்தன. மாணவர் பயணத்தை அரசின் கடமையாகக் கருதும் பார்வையும் இந்த மண்ணில் ஆழமாக ஊன்றியது.

அந்தப் பார்வையின் பலன்கள் சிறியவை அல்ல. பள்ளி மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் கட்டணமில்லாப் பயண அட்டை கிடைக்கிறது. தனியார் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். சாத்தூர், திருத்தங்கல், மல்லாங்கிணறு போன்ற ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்வருவதை இந்த ஏற்பாடுகள் எளிதாக்கியிருக்கின்றன என்பதில் பெரிய கருத்துவேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் இவை அனைத்தும் ஒரே வகை மாணவரை மனத்தில் வைத்து எழுந்தவை: காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் உள்ளூர் மாணவர். பயண அட்டையில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் குறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் பெட்டிகளோடு வந்திறங்கும் விடுதி மாணவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் வெளியூர்ப் பேருந்துக்குப் பொருந்தாது. ஒரு மாணவி நகரப் பேருந்துகளாக மாறி மாறி ஏறினால் விமான நிலையத்திலிருந்து திருமங்கலம் வரை காசில்லாமல் போய்விடலாம். ஆனால் அவர் கையில் பெட்டி இருக்கும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ சரக்குப் பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதி. கல்லூரி தொடங்கும் நாளில் அந்த 22 கிலோவும் நிறைந்தேதான் இருக்கும். உயரமான படியும் குறுகிய இடைவழியும் கொண்ட பேருந்தில் அந்தச் சுமையோடு இரண்டு மூன்று முறை ஏறி இறங்குவது சாதாரண வேலையல்ல. அரசுப் பேருந்து என்ற விடையின் பலவீனத்தைக் கட்டணத்தில் தேடுவது வீண். அது இந்தப் பயணியை மனத்தில் வைத்து அமைக்கப்படவில்லை என்பதே குறை.

பிற நகரங்களின் அனுபவம் இங்கே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பெங்களூரில் 2008-இல் புதிய விமான நிலையம் திறந்தபோது குளிர்சாதன வசதியுள்ள தனிப் பேருந்துச் சேவை தொடங்கியது. நேரத்துக்கு வரும், பெட்டி வைக்க இடம் உண்டு, நகரின் பல மூலைகளுக்கும் போகும். ஆனால் கட்டணம் சாதாரணப் பேருந்தைவிடப் பல மடங்கு. விமான நிலையப் பேருந்து என்றதும் உயர்கட்டணச் சேவையாக நினைப்பது அதிகாரிகளிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. மதுரையிலும் தனிப் பேருந்து கோருபவர்கள் அந்த வழியில் சென்றால் பயனடைவோர் மாணவர்களாக இருக்க மாட்டார்கள்.

கல்லூரி வண்டி என்ற விடை

1947-இல் தொடங்கிய விருதுநகர் இந்து நாடார் செந்திக்குமார நாடார் கல்லூரியும் 1960-களில் தோன்றிய வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி, சிவகாசியின் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி ஆகியவையும் வட்டாரப் பிள்ளைகளுக்காக வட்டார வணிகர்களின் கொடையில் எழுந்தவை. 1984-இல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும் அந்த ஆண்டுதான் தோன்றின. பின்னது 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தொடர்ந்து வந்த கல்லூரிகளிலும் பல, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரங்களில் விரிந்த மானாவாரி நிலங்களில் எழுந்தன. நிலம் அங்கே எளிதில் கிடைத்தது. அதற்கு ஈடாக மாணவர்களை ஏற்றிவரும் பொறுப்பைக் கல்லூரிகள் ஏற்றன. பேருந்து வரிசை ஒரு கல்லூரியின் வலிமைக்கு அடையாளமானது அப்படித்தான்.

இந்த மாவட்டத்துக்கு நிறுவன வண்டி புதிதல்ல. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் சுற்றுக் கிராமங்களுக்கு வண்டி அனுப்பி ஆட்களை அழைத்துவரும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. அதற்கு இருண்ட பக்கமும் இருந்தது. விடியுமுன் வந்து நின்ற ஆலை வண்டிகளில் ஒரு காலத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகளும் ஏற்றப்பட்டார்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆலை வண்டியிலிருந்துதான் கல்லூரி வண்டி பிறந்தது என்று சொல்லச் சான்று போதாது. ஆனால் ஒரு நிறுவனம் தன் ஆட்களைத் தானே வீட்டு வாசலுக்குச் சென்று அழைத்துவரும் என்ற எதிர்பார்ப்பு இவ்வட்டாரத்தில் இயல்பாக ஏற்கப்பட்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த எதிர்பார்ப்பின் நீட்சியாக, சேர்க்கைக் காலத்தில் விமான நிலையத்துக்கும் கல்லூரியே வண்டி அனுப்பட்டும் என்கிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் புதிய வெளிநாட்டு மாணவர்களைப் பருவத் தொடக்கத்தில் இப்படி வரவேற்பதைச் சுட்டுகிறார்கள். முதல் முறை வருபவர், மொழி தெரியாதவர், இரவில் இறங்குபவர் ஆகியோருக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது எண்ணிக்கை. ஒரே கல்லூரிக்கு ஒரே நேரத்தில் விமானத்தில் வந்திறங்கும் மாணவர்கள், சேர்க்கை வாரம் தவிர மற்ற நாள்களில், ஒரு வண்டியை நிரப்ப மாட்டார்கள். காலி இருக்கைகளின் செலவு எங்கேனும் கட்டணமாகத் திரும்பி வரும். விமானத்தை எட்டிக்கூடப் பார்க்காத உள்ளூர் மாணவர் அதையும் சேர்த்துச் செலுத்துவார்.

இரண்டாவது தடை சட்டம். நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரு வண்டி விட்டால் முதல் தடை நீங்கிவிடுமே என்று தோன்றும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, கல்வி நிறுவனப் பேருந்து என்பதை அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானதும், அதன் நடவடிக்கைகள் தொடர்பாக மாணவர்களையும் பணியாளர்களையும் ஏற்றிச் செல்ல மட்டுமே பயன்படுவதுமான வண்டி என்று வரையறுக்கிறது. ஒரு கல்லூரியின் வண்டி பிற கல்லூரி மாணவரைப் பணம் பெற்று ஏற்றினால் அந்த வரையறைக்குள் நிற்குமா என்பது ஐயத்துக்குரியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கேள்வி உடனே எழும். கல்லூரிகள் இதில் தயங்குவதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

வாடகை வண்டி, பகிர்வு, செயலி

இந்த விடையின் கவர்ச்சி தெளிவானது: எந்த நேரமும் கிடைக்கும், பெட்டியோடு விடுதி வாசலில் இறக்கும். மேலே பார்த்த கணக்கில் அதன் குறையும் தெரிந்தது. மதுரையில் செயலி வழி வண்டி எளிதில் கிடைக்கிறது. கிராமச் சாலையோரக் கல்லூரியிலிருந்து திரும்பச் சவாரி கிடைக்காது என்று ஓட்டுநருக்குத் தெரியும். வெற்றாகத் திரும்பும் செலவை அவர் பயணியிடம் கேட்பதில் வியப்பில்லை. உள்ளூர் மக்கள் நெடுங்காலமாக எதிர்த்துப் போராடிவரும் கப்பலூர்ச் சுங்கச்சாவடியும் அந்த வாடகையைக் கூட்டுகிறது.

பகிர்ந்து செல்வதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு காரில் தனித்தனியே கட்டணம் வாங்குவதே சட்டமீறல் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் ஒப்பந்த ஊர்தி வரையறை, பயணிகளிடம் தனித்தனியே கட்டணம் பெற்றாலும் வாடகைக் காரை அந்த வகையிலேயே சேர்க்கிறது. பன்னிரண்டு பேர் வரை செல்லும் மேக்சி கேப் வண்டியும் அதில் அடங்கும். மஞ்சள் பலகை வண்டியில் மாணவர்கள் முன்கூட்டியே சேர்ந்து பகிர்வதற்குச் சட்டம் பெரிய தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாத வெள்ளைப் பலகை வண்டிகளில், அறிந்தவர் மூலம், பணம் கொடுத்துச் செல்வது வேறு விஷயம். விபத்துக் காலத்தில் இழப்பீடு சிக்கலாகும் என்பதை அறியாமலே மாணவர்கள் அதில் ஏறுகிறார்கள். விடுதிக் காப்பாளர்கள் இதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மறந்துபோன ரயில்

விருதுநகர்ச் சந்திப்பு நான்கு திசைகளிலும் பாதை கொண்டது: வடக்கே மதுரை, தெற்கே திருநெல்வேலி, கிழக்கே அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை, மேற்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி. மதுரையிலிருந்து செங்கோட்டை செல்லும் பயணிகள் ரயில், திருப்பரங்குன்றம், திருமங்கலம், திருத்தங்கல் என்று சிறு நிலையங்களிலும் நிற்கிறது. கொரோனா காலத்தில் 30 ரூபாயாக உயர்ந்திருந்த குறைந்தபட்சக் கட்டணம் 2024 தொடக்கத்தில் மீண்டும் 10 ரூபாயானது. பேருந்தைவிட மலிவு, பெட்டி வைக்கவும் இடம் உண்டு. குறை, நாளொன்றுக்கு ஓடும் ரயில்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரும்.

ரயிலின் உண்மையான பயன் வேறோரிடத்தில் இருக்கிறது. அருகிலுள்ள விமான நிலையமே மலிவான வழி என்ற பொது எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது. சென்னை விமான நிலையத்தின் எதிரே சாலையைக் கடந்தால் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். அங்கிருந்து ஐந்து, பத்து ரூபாயில் தாம்பரம். இரவில் எழும்பூரிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு ரயில் தாம்பரத்தில் நின்று, விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நேரே கல்லூரிகளின் ஊர்களுக்கே போகிறது. வெளிநாட்டிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ வருபவர், சென்னைக்கும் மதுரைக்கும் விமானக் கட்டணத்தில் உள்ள வேறுபாட்டைப் பார்த்துவிட்டு இந்த வழியையும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் இரவு கூடுதலாகும். ஆனால் நள்ளிரவில் நெடுஞ்சாலைச் சந்திப்பில் நிற்க வேண்டியதில்லை. சொந்த ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே ரயிலில் செல்லும் மாணவருக்கு, கல்லூரி வழங்கும் படிவத்தின் பேரில் கட்டணச் சலுகையும் உண்டு. 2020-இல் பல பிரிவினரின் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை தொடர்ந்தது. படிவம், அலுவலகக் கையெழுத்து, முன்பதிவு மையத்தில் வரிசை என்ற அலைச்சலால்தான் அது போதிய அளவு பயன்படாமல் போகிறது.

திருச்சியையும் இந்த வரிசையில் வைக்கலாம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே இறங்குவது பல வேளை மலிவு. மதுரை வழியாக விருதுநகருக்குப் பகல் முழுதும் பேருந்தும் ரயிலும் உண்டு.

பணமாகவே கொடுத்துவிடலாமா?

வண்டி ஏற்பாடு செய்வதைவிட மாணவரிடம் பணம் கொடுத்துவிடுவது மேல் என்பாரும் உண்டு. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பணத்தின் பயனை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இணைப்பு வண்டியே இல்லாத இடத்தில் கையிலுள்ள பணம் வாடகைக் காருக்குத்தான் போகும். தவிர, இத்திட்டங்கள் தமிழகப் பள்ளியில் படித்தவர்களுக்கானவை. விமானத்தில் வரும் வெளிமாநில மாணவர் இவற்றில் இல்லை.

ஜெர்மனியின் பருவச் சீட்டு இதற்கு மாறான சிந்தனை. 1990-களின் தொடக்கத்திலிருந்து பல பல்கலைக்கழகங்களில், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் எல்லா மாணவரும் ஒரு தொகை செலுத்தி, பொதுப் போக்குவரத்து முழுவதையும் பயன்படுத்தும் உரிமை பெற்றார்கள். 2024-இல் அது நாடு முழுதும் செல்லுபடியாகும் சீட்டாக மாதம் 29.40 யூரோவுக்கு விரிந்தது. பலர் சேர்ந்து சுமக்கும்போது தனி மாணவரின் சுமை குறைகிறது என்பது இதன் அடிப்படை. ஆனால் அங்கே விமான நிலையத்துக்கும் ரயில் பாதை இருக்கிறது. சீட்டு வெறும் உரிமையை மட்டும் தருகிறது. இங்கே உரிமையைத் தந்தாலும் ஏறுவதற்கு வண்டி வேண்டும்.

இரண்டு எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு நேர்மையானது: விமானத்தில் வரும் வசதியுள்ளவர் காருக்கும் கொடுக்கட்டுமே, அவருக்காகப் பொதுப்பணம் ஏன்? இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கிராமத்துக்கு ஒரு டவுன் பஸ் கேட்டுக் காத்திருக்கும் மக்கள் உள்ள மாவட்டம் இது. 2018-இல் நாட்டின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்வு செய்யப்பட்டதும்கூட. எனினும் விமானத்தில் வருபவர் எல்லாரும் செல்வர் என்ற அனுமானம் இன்று பொருந்துவதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் 150 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீடு 15 விழுக்காடு என்பதால் ஆண்டுக்கு 22 பேர் அளவில் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். மதிப்பெண்ணால் இடம் பெற்ற அவர்களில் எளிய குடும்பத்தினரும் இருப்பார்கள். கலந்தாய்வு முடிவு வந்து, சேர்வதற்குச் சில நாள்களே இருக்கும்போது ரயிலில் இடம் கிடைக்காமல் கடன் வாங்கி விமானச் சீட்டு எடுக்கும் குடும்பத்தை வசதியுள்ள குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், இங்கே வாதிடப்படுவது விமானப் பயணிக்குத் தனி மானியம் அன்று. ஓடிக்கொண்டிருக்கும் வெளியூர்ப் பேருந்துகளுக்கு மண்டேலா நகரில் உறுதியான நிறுத்தமும் நிழற்கூரையும் வெளிச்சமும், அங்கிருந்து விமான நிலைய வாசலுக்குச் சிறு வண்டித் தொடர்பும் வேண்டும் என்பதே. அவனியாபுரம், பெருங்குடி மக்களும் விமான நிலையத் துப்புரவுப் பணியாளர்களும் நாள்தோறும் அதே வழியில்தான் போகிறார்கள். அவர்களுக்கும் அது உதவும். 2025-இல் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டம் இத்தகைய குறுந்தொலைவு இணைப்புக்கு ஒரு வாய்ப்பு. ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலைப் பகுதிகளுக்கு அதில் உள்ள வரம்பு தடையாகலாம்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது: பாதுகாப்பு. பதினெட்டு வயதுப் பெண், இரவு ஒன்பது மணிக்கு, இரண்டு பெட்டிகளோடு நெடுஞ்சாலைச் சந்திப்பில் நின்று கைகாட்ட வேண்டுமா? வேண்டாம் என்பதே பொறுப்பான பதில். மலிவு என்ற ஒரே அளவுகோல் இங்கே போதாது. அதனால்தான் பகலுக்கும் இரவுக்கும் ஒரே விடை பொருந்தாது. பகலில் இறங்குபவருக்குச் சந்திப்பு வழியான பேருந்தே போதும். மாலை, இரவு விமானங்களில் வருபவருக்குக் கல்லூரிகள் முன்பதிவு செய்து தரும் பகிர்வு வண்டியோ, நகரில் தங்கிக் காலையில் புறப்படும் ஏற்பாடோ வேண்டும். கல்லூரி வண்டி என்ற விடைக்கு உண்மையான இடம் இதுதான். ஆண்டு முழுவதும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. சேர்க்கை வாரத்திலும் இரவு வருகையிலும் அனுப்பினால் போதும். சேர்க்கை அனுமதிக் கடிதத்தோடு, எந்தச் சந்திப்பில் எந்த ஊர்ப் பேருந்து, எந்த ரயில் எங்கே நிற்கும், இரவானால் யாரை அழைப்பது என்று ஒரு பக்கத் தாளைத் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எந்த மானியத்துக்கும் முன்னால் செய்யத்தக்கது இதுவே.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இவ்விடைகளில் எதுவும் முழுத் தோல்வியும் அன்று, முழுத் தீர்வும் அன்று. ஆனால் சில கேள்விகளுக்குச் சான்றின்றி விடை சொல்ல முடியாது. எத்தனை மாணவர்கள், எந்த மாதங்களில், எந்த விமான நிலையம் வழியாக இம்மாவட்டக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள் என்ற எண்ணிக்கை கல்லூரிகளின் விடுதிப் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. அது ஒன்றுசேராத வரை, ஒரு சிறு பேருந்து எத்தனை நடை ஓடினால் தாங்கும் என்று போக்குவரத்துக் கழகத்திடம் யாரும் உறுதியாகக் கேட்க முடியாது. பல கல்லூரிகள் இணைந்து ஒப்பந்த வண்டி எடுப்பதைச் சட்டம் எந்த நிபந்தனைகளோடு ஏற்கும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. விடுதி மாணவருக்கு ஆண்டில் சில முறை மட்டும் செல்லும் வெளியூர்ப் பயணச் சலுகை, இன்றைய அட்டை முறைக்குள் அடங்குமா, தனி விதி வேண்டுமா என்பது அரசு முடிவெடுக்க வேண்டியது. 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்த தூத்துக்குடி விமான நிலையம், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு மதுரையின் இடத்தை எந்த அளவு பிடிக்கும் என்பதும் அடுத்த சில கல்வியாண்டுகளின் விமான அட்டவணையைப் பார்த்தே சொல்லத்தக்கது.